மல்லிகைத் தேநீர்: இலையில் மணம் ஏற்றுவதிலிருந்து பாயசத்தில் சேர்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

மல்லிகைத் தேநீர் போடலாம் என்று முதன்முதலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: பூவை வெயிலில் காயவைத்து, டீத்தூளோடு சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். குடித்துப் பார்த்தால் கசப்பு இருக்கும், காய்ந்த சருகின் வாடை இருக்கும், மல்லிகை இருக்காது. தவறு கைப்பக்குவத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பூ எப்போது இலையைச் சந்திக்க வேண்டும், எப்போது பிரிய வேண்டும், சூடு எந்த இடத்தில் வரலாம், எந்த இடத்தில் வரக்கூடாது என்பது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமையும் ஒரு தராசும்தான்.

சீனாவில் ஃபுஜோவிலும் ஹெங்ஜோவிலும் மல்லிகைத் தேயிலை செய்யும் முறையை வீட்டு அளவுக்குச் சுருக்கியதே கீழே இருப்பது. அங்கே பயன்படுவதும் நம் குண்டுமல்லியின் இனமே. எனவே பூவுக்கு நாம் எங்கும் தேட வேண்டியதில்லை.

1. மணம் எங்கே இருக்கிறது

ரோஜா இதழில் மணம் தேங்கி நிற்கும், காய்ந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். மல்லிகை அப்படியில்லை. மொட்டு அவிழும் நேரத்தில்தான் மணத்தை உண்டாக்கி உடனுக்குடன் காற்றில் விடுகிறது. பறித்த பிறகும் உயிர் இருக்கும்வரை, இரவு முழுக்க, இது நடக்கும். காய்ந்த இதழில் எதுவும் மிச்சமில்லை.

உலர்ந்த தேயிலையோ பக்கத்தில் இருக்கும் ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே உயிருள்ள பூவை உலர்ந்த இலையோடு ஓர் இரவு படுக்கவைத்து, காலையில் பூவை எடுத்துப் போட்டுவிட வேண்டும். பூ கோப்பைக்குள் வருவதே இல்லை. கடைத் தேயிலையில் கிடக்கும் வெள்ளை இதழ்கள் அழகுக்கு, அவ்வளவுதான்.

2. எந்தப் பூ, எங்கிருந்து

குண்டுமல்லி மட்டும். மதுரைப் பக்கம் மல்லி என்று சொல்லித் தருவது இதைத்தான். அடுக்கு மல்லியும் ஆகும், ஆனால் அது சரியாக அவிழாது, மணமும் மெல்ல வரும். முல்லையும் பிச்சியும் உண்ணத் தகாதவை அல்ல. ஆனால் அவற்றின் மணமே வேறு, இங்கே சொல்லியிருக்கும் அளவுகள் அவற்றுக்குப் பொருந்தாது. காக்கரட்டானில் மணம் போதாது. நந்தியாவட்டை மல்லிகையே அல்ல, உணவுக்குக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கரோலைனா ஜாஸ்மின் என்று வேலியில் படரவிடும் மஞ்சள் பூக்கொடி கடும் நச்சு. பெயரில் ஜாஸ்மின் இருப்பதை நம்பித் தொடாதீர்கள்.

பூக்கடைப் பூவை இதற்கு வாங்காதீர்கள். மல்லித் தோட்டத்தில் மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிப்பார்கள். தலையில் வைக்கும் பூவை, தின்னும் பொருளுக்கான கவனத்தோடு யாரும் வளர்ப்பதில்லை. அதோடு கடைப் பூவில் தண்ணீர் தெளித்திருப்பார்கள், ஐஸ் பெட்டியில் வைத்ததாகவும் இருக்கலாம். குளிர் ஏறிய மொட்டு சரியாக அவிழாது. வீட்டுச் செடி, அல்லது மருந்து அடிக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்த தோட்டம், இந்த இரண்டில் ஒன்றுதான். தொட்டிச் செடி ஒன்றில் போதுமான பூ கிடைக்காது. ஐந்தாறு செடிகளாவது வேண்டும், பங்குனிக்குப் பிறகு தொடங்குவது நல்லது. அப்போதும் பூ குறைந்தால் தேயிலையின் அளவைக் குறையுங்கள், விகிதத்தைக் குறைக்காதீர்கள்.

3. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

தேயிலை 50 கிராம். முழு இலையாகச் சுருண்டிருக்கும் கிரீன் டீ வேண்டும். நீலகிரியில் செய்வது நன்றாகவே ஒத்துவரும். பால் டீக்குப் போடும் உருண்டைத் தூள் ஆகாது. அதன் சொந்த வாசனை மல்லிகையை மூடிவிடும். துளசி, எலுமிச்சை, இஞ்சி கலந்த கிரீன் டீயும் வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்த அன்றே தொடங்குங்கள், திறந்து கிடந்த இலை ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. இது இல்லாமல் தொடங்க வேண்டாம், ஏன் என்பது 6ஆம் படியில் தெரியும்.

வாய் அகன்ற எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரம், துவைத்து வெயிலில் உலர்த்திய வெள்ளைத் துணி இரண்டு, பூ மேலே நின்று இலை கீழே விழும் அளவுக்குக் கண் அகன்ற சல்லடை, இறுக மூடும் டப்பா. பாத்திரத்தை மூக்கருகே வைத்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். சோப்பு வாசனையோ பழைய குழம்பு வாசனையோ இருந்தால் இலை அதைத்தான் முதலில் எடுக்கும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

4. மாலை: பறிப்பதும் அவிழவைப்பதும்

மாலை 4 மணி அளவில் பறியுங்கள். பால் வெள்ளையாக, உப்பி, நுனி இன்னும் மூடியிருக்கும் மொட்டு அன்று இரவே மலரும். பச்சை படர்ந்த சிறு மொட்டு மலராது. காலையிலேயே மலர்ந்து நிற்கும் பூ முந்தைய இரவே மணத்தைச் செலவழித்தது, அதைத் தொடவேண்டாம்.

தூசி இருந்தால் பறித்த கையோடு ஒருமுறை அலசி, துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஈரம் போகவிடுங்கள். காம்பைக் கிள்ளிவிடுங்கள். காம்பு பச்சை வாடை தரும். பிறகு 30 கிராம் எடை போட்டு, துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடாமல் வையுங்கள். குவித்து வைத்தால் அடியில் இருப்பது வெந்து பழுப்பாகும்.

இரவு 7.30க்கு மேல் ஒவ்வொன்றாக அவிழத் தொடங்கும். இதழ்கள் பாதி விரிந்து, விரல்களைக் குவித்துப் பிடித்த கைபோல் இருக்கும் நிலைதான் சேர்க்க வேண்டிய நேரம். பத்தில் எட்டுப் பூவாவது அந்த நிலைக்கு வரட்டும். அவசரப்பட்டு மொட்டாகவே இலையில் புதைத்தால் அது அங்கேயே முடங்கிவிடும். இலை அதன் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மணம் வராது. புதிதாகச் செய்கிறவர்கள் தோற்கும் முதல் இடம் இதுதான்.

5. முதல் இரவு: இலையும் பூவும்

பாத்திரத்தில் ஒரு விரல் கனத்துக்கு இலை, மேலே பூ, மறுபடி இலை என்று அடுக்கி, கடைசி அடுக்கு இலையாக இருக்கும்படி முடியுங்கள். பிறகு கையால் மெதுவாக அடியிலிருந்து மேலாகக் கலந்துவிடுங்கள். இதழ் கசங்கக்கூடாது. கசங்கிய இடம் ஒரு மணி நேரத்தில் கறுத்து, வாடிய பூவின் கெட்ட நெடியைத் தரும்.

துணியால் மூடுங்கள், தட்டால் அல்ல. பூ மூச்சுவிடுகிறது. காற்று இல்லாமல் இறுக மூடினால் உள்ளே வேர்த்து, காலையில் புளித்த வாடை அடிக்கும். மணம் வெளியே போகிறதே என்று மனம் பதறும்தான். ஆனால் துணி வழியே போவது கொஞ்சம்தான், மூச்சடைத்த பூவால் கெடுவது மொத்தமும்.

இரவு 11.30 அளவில், படுக்கப் போகுமுன், ஒருமுறை கிளறிவிடுங்கள். ஈரம் ஒரே இடத்தில் தங்காமல் இருப்பதற்காக. சீனப் பட்டறைகளில் குவியல் சூடேறுவதால் கட்டாயம் கிளறுவார்கள். 50 கிராமில் சூடு பெரிதாக ஏறாது, ஒருமுறை போதும்.

6. காலை: பிரிப்பதும் உலர்த்துவதும்

காலை 6 மணிக்குள் பூவை எடுத்துவிடுங்கள். அப்போது பூ துவண்டு, கண்ணாடிபோல் லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்கும். விளிம்பில் பழுப்பு தெரிந்தால் தாமதம் என்று பொருள். மல்லிகை மணத்தில் இண்டோல் என்ற ஒரு சேர்மம் உண்டு. அளவாக இருக்கும்போது அதுதான் இரவின் கிறக்கத்தைத் தருகிறது. பூ வாடும்போது மற்ற மணங்கள் பறந்துபோய் இது மட்டும் தனியே தெரியும், அழுகல்போல. அதை இலை குடிப்பதற்குள் பூ வெளியே வந்துவிட வேண்டும்.

இப்போது இலையை எடைபோடுங்கள். 50 கிராமாக இருந்தது 54, 55 என்று ஏறியிருக்கும். கையில் எடுத்தால் மொறுமொறுப்பு போய்த் துவண்டிருக்கும். இந்த ஈரத்தை இன்றே வெளியேற்ற வேண்டும். ஈரம் நிறைந்த இலையால் அடுத்த இரவு எதையும் இழுக்க முடியாது, இரண்டு நாளில் பூஞ்சையும் பிடிக்கும்.

ஓவன் இருந்தால் 80 டிகிரியில் தட்டில் மெல்லப் பரப்பி 20 நிமிடம் வைத்து எடைபாருங்கள். பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஓவன் இல்லையென்றால் கனமான தோசைக்கல்லைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இலையைப் பரப்பிக் கையாலேயே புரட்டுங்கள். சூடு தணிந்தால் இலையை எடுத்துவிட்டு மறுபடி சூடாக்கி, மறுபடி அணைத்துச் செய்யுங்கள். நான்கைந்து முறை ஆகும். வெயிலில் காயவைக்க வேண்டாம், கிரீன் டீயை வெயில் நிறமும் சுவையும் கெடுத்துவிடும்.

எடை 50.5 வந்ததும் நிறுத்துங்கள். இதற்குத்தான் தராசு. மேலும் காயவைத்தால் இரவு முழுக்க ஏற்றிய மணத்தை நீங்களே அடுப்பில் ஓட்டுகிறீர்கள். குறைவாகக் காயவைத்தால் அடுத்த இரவு வீண். கண்ணால் பார்த்து இந்த அரை கிராமைச் சொல்ல முடியாது.

உலர்த்தி ஆறியதும் முகர்ந்து பார்த்து, மணமே இல்லை என்று பலர் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். முதல் இரவுக்குப் பிறகு மணம் மெலிதாகத்தான் இருக்கும். முறையே அப்படி, தொடருங்கள்.

7. இரண்டாம், மூன்றாம் இரவு, கடைசிப் பூச்சு

அதே படிகள், பூ மட்டும் குறையும்: இரண்டாம் இரவு 25 கிராம், மூன்றாம் இரவு 20 கிராம். அடுத்தடுத்த நாள் பூ கிடைக்காவிட்டால், உலர்த்திய இலையை டப்பாவில் இறுக மூடி ஒரு வாரம்வரை காத்திருக்கலாம். மூன்றாம் இரவு முடிந்து உலர்த்தும்போதும் 50.5 தான் இலக்கு.

கடைசியாக ஒன்று. 4 கிராம் பூ, அன்றைய பறிப்பில் மிகச் சிறந்தவை மட்டும். இரவு 8 மணிக்குக் கலந்து, 6 மணி நேரத்தில், அதாவது அதிகாலை 2 மணிக்கு எழுந்து, பிரித்துவிடுங்கள். இந்தமுறை உலர்த்தக்கூடாது. முந்தைய இரவுகள் இலையின் உள்ளே மணத்தை இறக்கின. இந்தக் கடைசிப் பூச்சு மேலோடு நின்று, டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் மணத்தைத் தருகிறது. எடை 51.5 கிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு. அந்த இலையைக் கெட்டுப்போகும்முன் இரண்டு வாரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

8. வைப்பது

இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் மூன்று நாள் தொடாமல் வையுங்கள். அதற்குள் மணம் எல்லா இலைக்கும் சமமாகப் பரவிவிடும். அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். மல்லிகையை இழுத்த அதே தாகம் பெருங்காயத்தையும் சாம்பார் பொடியையும் இழுக்கும். மூன்று இரவு உழைப்பு ஒரே வாரத்தில் ரசவாடை அடித்துப்போகும். டப்பாவுக்குள் டப்பா வைத்து, துணி அலமாரியில் வைத்தால்கூடத் தவறில்லை, பாச்சை உருண்டை இல்லாதவரை.

9. கடையில் வாங்குவதென்றால்

பூவோடு படுக்கவைத்துச் செய்ததும் உண்டு, வாசனை எண்ணெய் தெளித்ததும் உண்டு. பாக்கெட்டில் சேர்மானங்களைப் பாருங்கள். ஃப்ளேவர் என்று எழுதியிருந்தால் தெளித்தது. எழுதவில்லையென்றால் அதே இலையில் மூன்று முறை வெந்நீர் விட்டுப் பாருங்கள். தெளித்ததில் முதல் கோப்பை அறையையே நிறைக்கும், இரண்டாவது வெறும் கிரீன் டீ. முறையாகச் செய்ததில் மூன்றாவது கோப்பையிலும் பூ இருக்கும். இதழ் நிறையக் கிடப்பதைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

10. கோப்பைக்கு

200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை, 80 டிகிரிச் சூடு, 2 நிமிடம். தெர்மாமீட்டர் தேவையில்லை: கொதித்த தண்ணீர் மூன்று பங்கு, குடிக்கும் தண்ணீர் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். கொதிக்கும் நீரை நேரே ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொள்ளும், மணம் ஆவியோடு போகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வடிநீர் மங்கி, மேலே ஆடை படரும். கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடி போட்டு ஊறவையுங்கள். மூடியைத் திருப்பி முகர்ந்தால் தெரியும், மணத்தில் எவ்வளவு அங்கே வந்து ஒட்டியிருக்கிறது என்று. இரண்டாம் முறைக்கு அரை நிமிடம் கூடுதல்.

வெயில் காலத்துக்குக் குளிர்ந்த ஊறல் இதைவிட நல்லது. 1 லிட்டர் தண்ணீர், 9 கிராம் இலை, ஃப்ரிஜ்ஜில் 7 மணி நேரம், வடிகட்டினால் முடிந்தது. கசப்பு அநேகமாக இறங்காது, மணம் முழுதாக வரும். அன்றைக்கே குடித்துவிட வேண்டும். கிரீன் டீயில் கஃபீன் உண்டு, இரவில் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். இரத்தச் சோகை இருப்பவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் குறைக்கும்.

11. சமையலில்: பொது விதி

அடுப்பில் வேகவேண்டியதெல்லாம் வெந்து முடிந்த பிறகே மல்லிகை வரவேண்டும். ஏலக்காய், பட்டை, கிராம்பு கூடவே கூடாது. வெல்லமும் வேண்டாம், அதன் மணம் இதை விழுங்கிவிடும். வெள்ளைச் சர்க்கரை, பால், தேங்காய்ப்பால், எலுமிச்சை, லிச்சி, நுங்கு, இவை இதற்கு உற்ற துணை.

12. சர்க்கரைப் பாகு

80 டிகிரியில் 250 மில்லி தண்ணீர், 12 கிராம் இலை, 4 நிமிடம். இலை தன் எடையைப்போல் நான்கு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், எனவே வடித்தால் 200 மில்லிதான் கிடைக்கும். இலையைப் பிழியாதீர்கள், பிழிந்தால் துவர்ப்பு இறங்கும். சூடு இருக்கும்போதே 200 கிராம் சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். பாகு என்றதும் கம்பிப்பதம் பார்க்கும் பழக்கம் கைக்கு வரும், அதை இங்கே விட்டுவிட வேண்டும். ஃப்ரிஜ்ஜில் 10 நாள் தாங்கும். 30 மில்லி பாகு, 150 மில்லி சோடா, அரை மூடி எலுமிச்சை, இரண்டு நுங்கு: சித்திரை வெயிலுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

13. பாலும் பாயசமும்

மல்லிகை மணம் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகத் தங்கும். அதனால் பால் அருமையான வாகனம். முழுக் கொழுப்புப் பால் வேண்டும். ஆவின் என்றால் ஆரஞ்சு பாக்கெட். காய்ச்சி ஆறவைத்த பால் 250 மில்லியில் 8 கிராம் இலை போட்டு, மூடி, ஃப்ரிஜ்ஜில் 8 மணி நேரம். வடித்தால் 200 மில்லிக்குச் சற்று மேல் நிற்கும்.

50 கிராம் ஜவ்வரிசியை அரை மணி ஊறவைத்து, 300 மில்லி தண்ணீரில் கண்ணாடியாகும்வரை வேகவையுங்கள். 300 மில்லி பால், 70 கிராம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறியதும் மல்லிகைப் பாலைக் கலந்து, குளிரவைத்துப் பரிமாறுங்கள். நெய்யில் வறுத்த முந்திரி போடலாம், நான்கைந்து போதும். நெய் மிஞ்சினால் நெய்தான் மணக்கும்.

14. கடல்பாசி ஜெல்லி

அகர் அகர் கரையக் கொதி வேண்டும், தேநீருக்குக் கொதி ஆகாது. ஆனால் கரைந்த அகர் 40 டிகிரி அளவுக்கு ஆறும்வரை உறையாது. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அகர் பொடியை 3 நிமிடம் கொதிக்கவைத்து, முழுதாகக் கரைந்த பிறகு 40 கிராம் சர்க்கரை சேருங்கள். 6 கிராம் இலையில் வடித்த 200 மில்லி தேநீரை வெதுவெதுப்பாக, 50 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்து, அகரை அதில் ஊற்றிக் கலக்குங்கள். ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த தேநீரில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே நூல் நூலாக உறைந்து, மீதி தண்ணீராகவே நிற்கும்.

15. சோறு

ஜாஸ்மின் ரைஸ் என்று விற்பது தாய்லாந்து அரிசி வகை, அதில் மல்லிகைப் பூ சேருவதில்லை. இங்கே செய்வது வேறு. சொந்த வாசனை அடக்கமான பொன்னிப் பச்சரிசி எடுத்துக்கொள்ளுங்கள். சீரகச் சம்பாவும் பாஸ்மதியும் தம் மணத்தோடு போட்டிக்கு வரும்.

ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவைத்து வடியுங்கள். லேசான வடிநீர், 400 மில்லிக்கு 4 கிராம் வீதம், இரண்டு டம்ளர் எடுத்து, அரை உப்போடு கனமான பாத்திரத்தில் மூடிச் சிறு தீயில் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், விசில் வழியே போவது நீராவி மட்டுமல்ல. சோறு வெந்து அடுப்பை அணைத்ததும், இதற்கெனத் தனியே இலை கூடுதலாகப் போட்டு வடித்துவைத்த அடர்ந்த வடிநீரை இரண்டு மேசைக்கரண்டி மேலே தெளித்து, மூடி 10 நிமிடம் விடுங்கள். வேகும்போது போன மணத்தை இந்தத் தெளிப்புதான் திருப்பித் தருகிறது.

தொட்டுக்கொள்ளச் சாம்பாரோ வத்தக்குழம்போ வைத்தால் எல்லாம் வீண். காரம் குறைத்த திருநெல்வேலிச் சொதி வையுங்கள். அதிலும் பூண்டைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.